ஐப்பசியில் நம்ம மலையடிவாரம்: செங்கோட்டை முதல் தென்மலை வரை எங்கே போகலாம்?

இலஞ்சிக்காரி (புதன், இரவு 9.12)

குற்றாலத்தில் சீசன் கடைகளைப் பிரித்துவிட்டார்கள். பேரருவி ரோட்டில் இப்போதுதான் நிம்மதியாக நடக்க முடிகிறது. ஆனியில் சாரல் தொடங்கினால் ஆவணி முடியும்வரை வெளியூர் வண்டிகளுக்கு ஒதுங்கியே போகிறோம். கார்த்திகை ஒன்றாம் தேதி சாமிமார் மாலை போட்டுக் கிளம்பிவிட்டால் புளியரை மலைப்பாதை முழுக்க வேனும் பஸ்ஸும்தான். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற ஐப்பசியை நம் ஊர்க்காரர்கள் யாரும் அனுபவிப்பதில்லை என்பது என் ரொம்ப நாள் வருத்தம். மழை மாதம் என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம்.

எனக்குப் பெரிய டூர் எதுவும் வேண்டாம். காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு, அதிகம் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் படிக்கிறார்கள், எந்நேரமும் கையில் செல்போன். அருவியில் குளித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. நல்ல காற்றும் பச்சையும், பிள்ளைகள் நின்று பார்க்க ஏதாவதும் இருந்தால் போதும். நம் பக்கமும் சொல்லுங்கள், கேரளத்தில் ஆரியங்காவு தாண்டியும் சொல்லுங்கள்.

பண்பொழி அண்ணாச்சி (புதன், இரவு 10.05)

மழையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் தாயி. அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம்.

ஆடியில் நமக்கு வருவது தென்மேற்குப் பருவத்தின் மிச்சம். மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, கணவாய் வழியாகக் காற்றோடு பொடித் தூறலாக இறங்கும். ஐப்பசி மழையின் குணம் வேறு. காலையில் பளிச்சென்று விடியும். பதினொரு மணிக்குப் புழுக்கம் ஏறும். இரண்டு மணிவாக்கில் மலை உச்சியில் கருக்கும், மூன்று மணிக்கு இடி. பெய்ய ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் ஓடையெல்லாம் நிரம்பிவிடும். மலையாளத்துக்காரர்கள் துலாவர்ஷம் என்பது இதைத்தான். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மேல் வடகிழக்குப் பருவம் ஊன்றிவிட்டால், கடலில் தாழ்வு நிலை இருக்கிற நாட்களில் விடிய விடியப் பெய்யும். அந்த நாட்களில் யாரும் எங்கேயும் போக வேண்டாம். மற்ற நாட்களில் காலைப் பொழுது முழுக்க நமக்குத்தான். ஆறு மணிக்குக் கிளம்புங்கள், ஒரு மணிக்குள் வண்டியைத் திருப்புங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் ஐப்பசிக்கு ஈடான மாதம் கிடையாது.

உங்கள் அத்தைக்கு நான் சொல்வது எங்கள் ஊர் திருமலைக்கோயில். படி அறுநூறுக்கு மேல் இருக்கும், ஆனால் மலைமேல் வரை வண்டிப் பாதை இருக்கிறது. குமாரசாமியைக் கும்பிட்டுவிட்டு அத்தையை மேற்குப் பார்த்து உட்கார வையுங்கள். மழை கழுவிவிட்ட காலையில் மலை கையெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். உச்சியில் வெள்ளைக் கோடாக ஓடைகள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கிழக்கே திரும்பினால் குளங்களும், பிசான நெல் சாகுபடிக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல்களும். சில வயலில் நாற்றங்கால் பச்சை, சில வயலில் வெறும் வானம். ஆடியில் வருகிறவர்களுக்கு மேகம் மறைத்துவிடும், இந்தக் காட்சி கிடைக்காது.

தீபாவளி முடிந்து கந்த சஷ்டி ஆறு நாளும் கூட்டம் நெருக்கும். விரதக்காரர்கள் அப்போது வரட்டும். காற்று வாங்க வருகிறவர்கள் அதற்கு முன்போ பின்போ வருவது நல்லது.

குகை ரயில் (புதன், இரவு 10.40)

அக்கா, படி ஏறாமல், நனையாமல், மலையைப் பார்க்க ஒரே வழி ரயில்தான். இந்தத் தடத்தைப் பற்றி நான் எழுதாத நாள் குறைவு, திரும்பவும் எழுதுகிறேன்.

செங்கோட்டை – புனலூர் பாதையில் 1904இல் மீட்டர்கேஜ் வண்டி ஓடத் தொடங்கியது. அகலப்பாதை வேலைக்காக 2010இல் நிறுத்தினார்கள். 2018இல்தான் முழுத் தடமும் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இந்த மலையை ரயிலில் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். அவர்களைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும்.

என் யோசனை இது. காலையில் செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் புனலூர் போங்கள். வழியில் கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண்ணறைப் பாலம் ரோட்டை ஒட்டியே வரும். பாலத்தின் மேல் ரயிலில் போகும்போது பாலம் தெரியாது. அதனால் போகும்போது ரோட்டிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். புனலூரில் கல்லடையாற்றின் மேல் தொங்குபாலம், 1877இல் கட்டி முடித்தது. இப்போது அதில் வண்டி கிடையாது, நடக்க மட்டும்தான். தரை சமமாக இருக்கும், அத்தை நிதானமாக நடக்கலாம். ஐப்பசியில் கீழே ஆறு கரை தொட்டு ஓடும்.

திரும்புவதற்கு, கொல்லத்திலிருந்து மத்தியானம் கிளம்புகிற சென்னை எழும்பூர் வண்டி. வெளிச்சத்தோடு மலையைக் கடக்கிற வண்டிகள் குறைவு, அதில் இது ஒன்று. ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். தென்மலை, கழுதுருட்டி, எடப்பாளையம், ஆரியங்காவு என்று மெதுவாக ஏறும். அண்ணாச்சி சொன்ன மூன்று மணி இடி வந்தாலும் நீங்கள் பெட்டிக்குள் இருப்பீர்கள். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவில்தான் இந்தத் தடத்தின் நீளமான குகை. நுழையும்போது கொட்டுகிற மழை, வெளியே வந்தால் புளியரை வயலில் வெயில் அடிக்கும். ஐப்பசியில் இதைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுதுருட்டி மகள் (வியாழன், காலை 6.50)

எங்கள் பாலத்தைப் பற்றி எழுதியதைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

ஆரியங்காவில் எல்லாருக்கும் தெரிந்தது பாலருவி. முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. உங்கள் வண்டியை ரோட்டோரம் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வனத்துறை வண்டிதான் காட்டுக்குள் கூட்டிப் போகும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மூடிவிடுவார்கள், ஆடியில் தண்ணீர் முரட்டுத்தனமாக விழும். புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும்தான் அருவி அருவியாக இருக்கும். தண்ணீர் நிறையவும் இருக்கும், பக்கத்தில் நிற்கவும் முடியும். கூடவே, காட்டு வழி முழுக்க ஈரப் பாறையில் பாசி, பெரணி, எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன ஊற்று. அத்தைக்கு மட்டும் யோசியுங்கள். வண்டி இறக்கிவிட்ட பிறகு கொஞ்சம் நடை இருக்கிறது, கல் ஈரமாக இருக்கும்.

தென்மலை அவர்களுக்குச் சரிப்படும். செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் 1984இல் வந்தது. இந்த மலைகளில் மட்டுமே வளர்கிற செங்குருணி மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளே இருக்கிற அணைத் தேக்கத்தில் படகு விடுகிறார்கள். ஐப்பசியில் தேக்கம் நிரம்பி நிற்கும். கரையில் காடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும், வெயில் காலத்தில் தெரிகிற செம்மண் விளிம்பு இருக்காது. காலை முதல் படகுக்குப் போனால் கரையோரம் யானையோ மிளா மானோ தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிற பாக்கியம் சிலருக்குக் கிடைக்கும். படகுத்துறைக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கட்டாயம். கொல்லம் மாவட்டத்துக்கு வானிலை எச்சரிக்கை என்ன நிறம் என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மஞ்சள் என்றால் ஒரு நாளில் 6 முதல் 11 சென்டிமீட்டர் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ஆரஞ்சு 11 முதல் 20, சிவப்பு அதற்கும் மேல். ஆரஞ்சு வந்தால் வனத்துறை இடங்களைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், ராத்திரி மலைப்பாதைப் பயணத்துக்கும் கட்டுப்பாடு வரும். தென்காசியில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பி வந்து, வாசலில் பிள்ளைகளோடு ஏமாந்து நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வெள்ளம் பார்த்தவன் (வியாழன், காலை 8.15)

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கசப்பாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அது பருவமழைக் காலம்கூட இல்லை. மலைமேல் பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கோடையிலேயே அப்படி என்றால் ஐப்பசியில் தினமும் மத்தியானம் மலையில் இடி இறங்குகிறது. இந்த மாதத்தில் குடும்பத்தோடு அருவிக்குப் போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலுக்குப் போங்கள், ரயிலில் போங்கள், அருவியை விட்டுவிடுங்கள்.

பண்பொழி அண்ணாச்சி (வியாழன், காலை 9.30)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கசப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அருவியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கினால், செம்மண் நிறம் தட்டினால், அந்த நிமிடமே வெளியே வர வேண்டும். சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் மேலே ஓடை பெருகிவிட்டது என்று அர்த்தம். சத்தம் மாறும், அதுவரை சலசலத்தது கனத்து விழும். சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும். இதில் எது ஒன்று நடந்தாலும் துண்டை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ்காரர்கள் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். அவர்களோடு வாக்குவாதம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த விசில்தான் நம் பிள்ளைகளுக்குக் காப்பு.

வெயில் ஏறுவதற்குள் குளித்து முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் நின்று பாருங்கள், கிட்டே போகாதீர்கள். முந்தின ராத்திரி மலையில் பெய்திருந்தால் காலையிலும் குளியல் வேண்டாம். பேரருவி விழுகிற பள்ளமான பொங்குமாங்கடல் கொதித்து மேலே தெறிப்பதைப் பாலத்தில் நின்று பார்ப்பதற்கே ஒரு பயணம் போகலாம்.

உள்ளான் (வியாழன், மதியம் 1.20)

பிள்ளைகள் கையில் எந்நேரமும் செல்போன் என்று இலஞ்சி அக்கா எழுதியிருந்தார்கள். இந்த மாதத்தில் அதற்கு நல்ல மருந்து பறவைகள்.

ஆறுமணிக் குருவியை உங்கள் தோட்டத்திலேயே கேட்கலாம். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் நம் ஊருக்கு வந்துவிடும். பச்சை முதுகு, மாந்தளிர் நிற மார்பு, அடிவயிற்றில் சிவப்பு, இறக்கையில் நீலம். அவ்வளவு வண்ணத்தை வைத்துக்கொண்டு தரையில் சருகைக் கிளறி ஒளிந்தே திரியும். விடியலில் ஆறு மணிவாக்கிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இரட்டை விசில் மாதிரி கூப்பிடும். பிள்ளைகளை முதலில் சத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பார்ப்பது மெதுவாக நடக்கட்டும்.

ஓடைக்கரைப் பாறையில் சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாக வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டி, அதுவும் இப்போது வந்ததுதான். இலத்தூர் குளத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கரையிலிருந்தே தெரியும். அத்தை காரை விட்டு இறங்க வேண்டாம். உழுத வயலில் உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். சோளக்காட்டுப் பக்கம் போனால் சூறைக்குருவிக் கூட்டம் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக இறங்கும்.

பட்டாம்பூச்சியை விட்டுவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலையிலிருந்து கிழக்கே போன கூட்டங்கள் இப்போது திரும்புகின்றன. கருப்பில் நீலப் புள்ளி போட்டவை, பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டவை. ஒரு கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்குச் செடியோ வழியில் தென்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தச் செடிகளின் சாற்றை உறிஞ்ச ஆண் பூச்சிகள் அப்பிக்கொண்டு கிடக்கும், பக்கத்தில் போனாலும் பறக்காது. 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் நம் மலையில் உண்டு. ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கருப்பு. நிழலும் ஈரமுமான காட்டோரத்தில் தேட வேண்டும்.

வல்லம் பையன் (வியாழன், மாலை 5.45)

நாங்கள் நாலைந்து நண்பர்கள் குற்றால மலைமேல் இருக்கிற தேனருவி வரை ஏறலாம் என்று இருக்கிறோம். கூட்டம் இல்லாத மாதம் இதுதானே. எங்கள் தாத்தாமார் எல்லாம் செண்பகாதேவி அருவி தாண்டிப் போய்க் குளித்தவர்கள். நம் மலைக்குப் போக நாம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

மேக்கரைத் தோட்டம் (வியாழன், இரவு 8.10)

தம்பி, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. சின்ன வயதில் எல்லாருக்கும் இருந்த ஆசைதான். ஆனால் இந்த மாதத்தில் அங்கே போகக் கூடாது. செண்பகாதேவி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமிக்கு மக்களை விடுகிறார்கள். மற்ற நாட்களில் அனுமதி இல்லாமல் ஏறினால் வனக் குற்றம், வழக்கு வரும். வழக்கை விடுங்கள். தேனருவியில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே மலைத்தேனீக் கூடுகள். வெள்ளம் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, விசில் அடிக்க ஆள் கிடையாது. போன ஒருவனைத் தேடிப் பத்துப் பேர் ஏறுவார்கள். அந்தப் பத்துப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள்.

ஏற ஆசை இருந்தால் அனுமதியோடு போகிற வழி இருக்கிறது. தென்மலையில் செந்துருணிக்குள் வனத்துறை ஆள் துணையோடு நடத்துகிற நடைப் பயணத்துக்குக் கேட்டுப் பாருங்கள். காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்களோடு நடந்தால் நாலு மரத்தின் பெயராவது தெரியும்.

இலஞ்சி அக்காவுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் அடவிநயினார் அணை 132 அடி, ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் நிரம்பும். செங்கோட்டைக்கு மேலே குண்டாறு 36 அடிதான், பெரும்பாலும் அதுதான் முதலில் நிரம்பி மறுகால் பாயும். போகிற வழியெல்லாம் வயலும் தென்னையும். வாருங்கள், சந்தோஷமாக வாருங்கள். ஆனால் வயல் வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள் சிலர். அடுத்த வாரம் நடவுக்கு இறங்குகிற பெண்கள் காலில் அது ஏறுகிறது. சேற்றுக்குள் கண்ணாடி தெரியாது. ஐப்பசி எங்களுக்கு நடவு மாதம் என்பதை வருகிற ஒவ்வொருவரும் நினைக்க வேண்டும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டி வந்தால் இலையை வரப்பில் போட்டாலும் மக்கிவிடும். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போய்விடுங்கள்.

யானை பொழுது சாய்ந்ததும் தோப்புக்குள் இறங்கும். வாழை, தென்னங்குருத்து என்று தேடி வரும். ஐந்து மணிக்கு மேல் மேக்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. நல்ல ஓடை எதையாவது பார்த்தால் இடத்தை மேப்பில் குறித்து வலைத்தளத்தில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு ஐம்பது பைக் வந்து நிற்கும்.

இலஞ்சிக்காரி (வியாழன், இரவு 9.00)

அண்ணன் எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டில் விஷயத்தைக் கேட்டுச் சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நடவு நடக்கிற வயலைக் கரையில் நின்று பார்க்கலாமா, அதற்கு யாரிடம் கேட்க வேண்டும்? சோறு எங்கிருந்து வருகிறது என்று இருவருக்கும் புத்தகத்தில்தான் தெரியும்.

மேக்கரைத் தோட்டம் (வியாழன், இரவு 9.25)

வயலில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். காலை எட்டு மணிக்குள் வாருங்கள். நாற்றுமுடி வீசுவது, வரிசை பிடிப்பது எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகள் இறங்கி நாலு நாற்று நடட்டும்.

தென்காசி நர்ஸ் (வெள்ளி, காலை 7.05)

சேற்றில் இறங்கலாம், காலில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான், எலி சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் படுவதால். வெளியே போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் இறங்கிய விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்தது. தேங்கிய நல்ல தண்ணீரில் முங்கும்போது மூக்கு வழியாக ஏறுகிற கிருமி. குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் பரவாது. அதனால் பழைய குட்டையிலும் பாசி படிந்த குளத்திலும் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள்.

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு, சாக்ஸில் உப்புத் தண்ணீரோ புகையிலைத் தண்ணீரோ தடவினால் ஏறாது. ஏறினாலும் பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் வரும், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

அயல்நாட்டுத் தென்காசிக்காரன் (வெள்ளி, காலை 10.30)

இங்கே இப்போது மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது. சனி, ஞாயிறு வந்தால் ஊரே இலை பார்க்கக் கிளம்பிவிடும், ஃபிளாஸ்கில் காப்பியும் கையில் கம்பளியுமாக. பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் நினைவுதான். டிசம்பரில் வருகிறேன். நம் பக்கம் இலை நிறம் மாறுகிற காடு எங்காவது இருக்கிறதா?

கழுதுருட்டி மகள் (வெள்ளி, மதியம் 12.10)

இருக்கிறது அண்ணா, ஆனால் ஐப்பசியில் இல்லை. எங்கள் காடு பெரும்பாலும் என்றும் பச்சைதான். தேக்கும் மற்ற உதிர்க்கிற மரங்களும் குளிர் முடிந்து வறட்சி வரும்போதுதான் இலையைக் கொட்டும். நீங்கள் வருகிற நேரத்துக்கு ரப்பர் தோட்டம் பாருங்கள். மார்கழி, தையில் இலை செம்பாகி ஆரஞ்சாகி உதிரும். தென்மலையிலிருந்து குளத்துப்புழை, புனலூர் பக்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்க அந்த நிறம். உதிர்ந்த கொஞ்ச நாளில் தளிர் வந்துவிடும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். இது பால் வெட்டுகிற எங்களுக்கு வேலை குறையும் காலம். வழிப்போக்கர்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.

அதே மார்கழியில் ஆரியங்காவு ஐயப்பனுக்குத் திருக்கல்யாணம். மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பிரானூர் மதினி (வெள்ளி, மதியம் 2.40)

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பிரானூர் பார்டரில் ராத்திரி புரோட்டா சாப்பிடாமல் எந்தப் பயணமும் முடியாது, அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. இப்போது கேரள எல்லை கோட்டைவாசலில் இருக்கும்போது இங்கே ஏன் பார்டர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர் ராஜ்யத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது, அதனால் அன்றைய எல்லை இங்கேதான். புரோட்டா வாசத்தோடு சொன்னால் வரலாறு மறக்காது.

காலைப் பயணத்துக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டுங்கள், தயிர்ச்சாதம் புழுக்கத்தில் புளித்துவிடும். குரங்கு இருக்கிற இடத்தில் பையைத் திறக்காதீர்கள். மலை ஏறியதும் ரோட்டோரக் கடையில் கட்டன்சாயாவும் சூடான பழம்பொரியும். சீதாப்பழம் இந்த மாதம்தான் நன்றாக இருக்கும். கூடையில் வைத்து விற்கிற ஆச்சிமாரிடம் வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம்.

வல்லம் பையன் (வெள்ளி, மாலை 6.15)

தேனருவியை விட்டுவிட்டோம். தென்மலை நடைக்குப் பேசியிருக்கிறோம், நாளைக்குப் பதில் சொல்வார்கள். உள்ளான் அண்ணன் வருவதாக இருந்தால் எங்களோடு வரலாம். பறவை பார்க்க எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

உள்ளான் (வெள்ளி, மாலை 6.50)

வருகிறேன் தம்பி. பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம், செல்போனில் பாட்டு வேண்டாம். பைனாகுலர் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது.

இலஞ்சிக்காரி (வெள்ளி, இரவு 9.40)

ஞாயிறு காலை முதலில் மேக்கரை வயல், அங்கிருந்து திருமலைக்கோயில், ஒரு மணிக்கு வீடு. ரயில் பயணம் அதற்கடுத்த வாரம், அத்தைக்கு ஜன்னலோரம் கிடைக்கிற மாதிரி பதிவு செய்யப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம். சனி ராத்திரி மலையில் நல்ல மழை பெய்தால் மேக்கரை ரோடு காலையில் எப்படி இருக்கும்?

மேக்கரைத் தோட்டம் (வெள்ளி, இரவு 10.05)

அனுமன் நதியில் தண்ணீர் கூடினால் தாழ்வான இடங்களில் ரோட்டின் மேல் ஓடும். ஓடுகிற தண்ணீரில் காரை இறக்காதீர்கள், முழங்கால் அளவு கூட இழுத்துவிடும். ஞாயிறு ஐந்தரை மணிக்கு நான் தண்ணீர் பாய்ச்சப் போவேன். ரோட்டைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரோடு சரியில்லை என்றால் திருமலைக்கோயிலை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், மழை ஓய்ந்தால் பத்து மணிக்கு இங்கே தண்ணீர் வடிந்துவிடும். நடவு அன்றைக்கு மத்தியானம் வரை நடக்கும்.